கம்பியின் வாசலில் காலம்

சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து ஒரு நிமிடத்துக்கும் மேல் கழிந்த பிறகுதான் மன்னார்த் தீவின் கீரி என்ற ஊரில் உச்சி வேளை. மன்னார்த் தீவு சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகை மேற்கே இருப்பதே காரணம். இந்தச் சிறு வித்தியாசத்தை அளக்க வேண்டுமானால், இரண்டு ஊர் மணிக்கூடுகளையும் ஒரே கணத்தில் ஒப்பிட்டாக வேண்டும். தந்தி வருமுன் வியாழனின் நிலாக்கள் மறையும் கணத்தை இரண்டு ஊர்களிலும் நின்று குறித்து ஒப்பிட்டார்கள். 1858இல் மன்னார் வழியாக இலங்கையின் தந்திக் கம்பி கடல் தாண்டி இந்தியாவோடு இணைந்தது. இனிக் கணத்தைக் கம்பியிலேயே அனுப்பலாம் என்ற நிலை வந்தது. ஆனால் கம்பி வந்ததால் மட்டும் துல்லியம் வந்துவிடவில்லை. காலத்தை எந்த இடத்தில் குறிக்கிறோம் என்பதே துல்லியத்தைத் தீர்மானித்தது. நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலான டிரைவரைச் சரிபார்க்கும் இன்றைய பொறியாளரும் இதையேதான் முதலில் கேட்க வேண்டும்.

1875 முதல் 1877 வரை இந்தியப் பெரு முக்கோண அளவையின் அதிகாரிகளான காம்ப்பெலும் ஹெவிசைடும் சென்னை, பெங்களூர், மங்களூர் போன்ற ஊர்களின் தீர்க்கரேகைகளைத் தந்தியால் ஒப்பிட்டார்கள். மணிக்கூட்டின் துடிப்பை ஒருவர் காதால் கேட்டு எழுதினால், காதுக்கும் கைக்கும் இடையே கொஞ்ச நேரம் நழுவிவிடும். அதனால் மின்சுற்றே துடிப்பைச் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் கோடாகப் பதித்தது. நட்சத்திரம் தொலைநோக்கியின் இழையைக் கடக்கும்போது ஆய்வாளர் விசையைத் தட்டினார். அந்தக் கோடும் அதே தாளில் விழுந்தது. அவரவர் கையின் இயல்பான தாமதத்தைத் தனியே அளந்து கழித்தார்கள். சமிக்ஞைகளை இரு திசையிலும் அனுப்பிச் சராசரி எடுத்ததால், கம்பியின் தாமதமும் கழிந்துபோனது.

2002இல் வெளிவந்த ஐஈஈஈ 1588 என்ற நேர ஒத்திசைவுத் தரமும் இதே இருவழிக் கணக்கில்தான் நிற்கிறது. பாக்கெட் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் ஆகிய நான்கும் போதும். ஆனால் அந்த நேரங்களை மென்பொருள் குறித்தால், காதால் கேட்டு எழுதிய பழைய நிலைதான். பாக்கெட் வரிசையில் காத்திருக்கும்; பிராசசர் வேறு வேலையில் இருக்கும். நெட்வொர்க் கார்டே கம்பியின் வாசலில் நேரத்தைப் பதித்தால் அந்தக் காத்திருப்பு கணக்கில் சேராது. லினக்ஸ் கேர்னலில் இதற்கான பொது வழி 2009இல் வந்தது. எனினும் அந்தப் பதிவைப் பத்திரமாக எடுத்துக் கொடுப்பது டிரைவரின் பொறுப்பு. வினாடியும் நானோவினாடியும் தனித்தனி ரெஜிஸ்டர்களில் இருந்து, ஒன்றைப் படித்து அடுத்ததைப் படிப்பதற்குள் வினாடி மாறினால், ஒரு முழு வினாடியே பிசகும். ஒரு பாக்கெட்டின் நேரம் அடுத்த பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டாலும் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இருவழிச் சராசரியே தாமதத்தைக் கழித்துவிடுமே, பிறகு வன்பொருள் எதற்கு என்று கேட்கலாம். போகும் தாமதமும் வரும் தாமதமும் சமமாக இருந்தால்தான் அது கழியும். இல்லையென்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, மணிக்கூட்டின் பிழையாகவே நின்றுவிடும். மென்பொருளின் காத்திருப்பு இரு திசையிலும் சமமாக இருப்பது அரிது. ஒளியிழையில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோவினாடி ஆகும். அது நிலையான அளவு, கணக்கில் கழித்துவிடலாம். காத்திருப்போ ஒவ்வொரு தடவையும் மாறும்.

நேரம் என்பதே அரசு வைக்கும் சட்டம், அதில் இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றும் கேட்கலாம். இதற்கு மன்னார்ப் பகுதியின் வரலாறே விடை சொல்கிறது. 1996 மே மாதம் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே வைத்தது. வன்னிப் பெருநிலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றின. 2006 ஏப்ரலில் அரசும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. மக்களுக்கு அது பெரும் சிரமம். ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், கூட்டியோ கழித்தோ ஒருவர் நேரத்தை மற்றவர் அறிய முடிந்தது. அளவு தெரிந்த வித்தியாசத்தைத் திருத்திவிடலாம். கணத்துக்குக் கணம் மாறும், அளவு தெரியாத வித்தியாசத்துக்குத்தான் மருந்தில்லை. டிரைவர் நிரலைச் சரிபார்ப்பவர் தேட வேண்டியது அந்த இரண்டாவது வகையை. நேரம் எங்கே பதிந்தது, எந்தப் பாக்கெட்டுக்கு உரியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நிரலிலேயே பதில் காட்ட முடியாத டிரைவரை ஏற்றுக்கொள்ளக் கூடாது.