துண்டு துண்டாய் ஒரு கம்ப்யூட்டர்: போகா ரட்டோனில் இருந்து லாமிங்டன் ரோடு வரை

ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கம்ப்ரஸர் இந்தக் கம்பெனி, கதவு அந்தக் கம்பெனி, உள்ளே இருக்கிற தட்டு வேற கம்பெனி, எல்லாத்தையும் சேர்த்து மாட்டிக் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். டிவி, மிக்ஸி, ஸ்கூட்டர் எதிலும் இது நடக்காது. கம்ப்யூட்டரில் மட்டும் நடக்கிறது. ஏன் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

நானும் யோசித்ததில்லை. தங்கமணிக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவான பிறகுதான் இந்தக் கேள்வி வந்தது. (ஆமாம், தங்கமணிக்குத்தான். பையனுக்கு இல்லை. லாமிங்டன் ரோட்டில் மூன்று கடையிலும் இதையே கேட்டார்கள்.) பட்ஜெட் மானிட்டரோடு சேர்த்து ஒரு லட்சம். ரொம்பக் கம்மியும் இல்லை, கொட்டிக் கிடக்கிற பணமும் இல்லை. இந்த மாதிரி நடுவாந்திரமான தொகையில்தான் ஒவ்வொரு பார்ட்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காகப் படிக்கப் போய், கடைசியில் நாற்பது வருடச் சரித்திரத்தில் போய் நின்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1980-ல் ஐபிஎம் பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் செய்து விற்கிற கம்பெனி. ஆப்பிள், கமடோர் மாதிரிக் கம்பெனிகள் மேஜை மேல் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டரை விற்றுக் காசு பார்ப்பதைக் கண்டு அதற்கும் ஆசை வந்தது. ஃப்ளோரிடாவில் போகா ரட்டோன் என்ற ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவர் தலைமையில் ஒரு சின்னக் குழு இந்த வேலையில் இறங்கியது. கெடு சுமார் ஒரு வருடம். ஐபிஎம் வழக்கப்படி எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்தால் அந்தக் கெடுவுக்குள் முடியாது. அதனால் சந்தையில் ஏற்கெனவே கிடைப்பதை வாங்கிப் போட்டார்கள். ப்ராசஸர் இன்டெலின் 8088. ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்டிடமிருந்து. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி வெளிவந்தது. ஆரம்ப விலை 1,565 டாலர். உள்ளே கூடுதல் கார்டுகள் செருக 5 ஸ்லாட் இருந்தது. மற்றவர்களும் கார்டு செய்யட்டும் என்று சர்க்யூட் படங்களோடு ஒரு டெக்னிகல் புத்தகமும் போட்டு விற்றார்கள்.

அவசரத்தில் செய்த இந்த ஏற்பாடுதான் இன்றைக்கு நாம் பார்ட் பார்ட்டாக வாங்குவதற்கு அஸ்திவாரம்.

ஐபிஎம் கையில் மிச்சமிருந்த ஒரே பூட்டு, பயாஸ் என்கிற சின்ன புரோகிராம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது அதுதான். அதற்குக் காப்புரிமை உண்டு, காப்பியடிக்க முடியாது. 1982-ல் ஹூஸ்டனில் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த காம்பேக் கம்பெனி இதற்கு நேர்மையான வழி ஒன்று கண்டுபிடித்தது. ஐபிஎம் பயாஸ் என்னென்ன செய்கிறது என்று ஒரு குழு எழுதிக் கொடுக்கும். அந்த புரோகிராமைக் கண்ணால்கூடப் பார்க்காத இன்னொரு குழு, அதே வேலையைச் செய்கிற புது புரோகிராமைத் தானாக எழுதும். சட்டப்படி இது காப்பி இல்லை. 1984-ல் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இதே மாதிரி ஒரு பயாஸ் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்தது. பூட்டு திறந்துவிட்டது.

ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. 1987-ல் பிஎஸ்/2 என்று புது வரிசையைக் கொண்டுவந்து, அதில் கார்டு செருகும் ஸ்லாட்டையே மாற்றியது. அதற்கேற்பச் செய்ய விரும்புகிறவர்கள் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். 1988-ல் காம்பேக் உட்பட ஒன்பது கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து, "உங்க ஸ்லாட் வேண்டாம், பழசையே நாங்க பெரிசு பண்ணிக்கறோம்" என்று வேறு வழியில் போய்விட்டன. ஐபிஎம் பிசியைக் கண்டுபிடித்த ஐபிஎம்மே 2005-ல் தன் பிசி வியாபாரத்தை லெனோவாவுக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

இதில் இன்னொரு நல்லது நடந்தது. ப்ராசஸருக்கு இன்டெல் ஒருத்தரையே நம்பியிருக்க ஐபிஎம் விரும்பவில்லை, இரண்டாவது சப்ளையர் வேண்டும் என்றது. (எங்கள் பேங்கில் நாற்காலி வாங்கினால்கூடக் குறைந்தது மூன்று கொட்டேஷன் கேட்போம். அதே புத்திதான்.) அதனால் 1982-ல் இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் ஒப்பந்தம் ஆனது. இன்றைக்கு நாம் கடையில் நின்று "இன்டெலா, ஏஎம்டியா" என்று குழம்ப முடிகிறதென்றால் அந்தக் குழப்பத்துக்கு ஐபிஎம்முக்கு நன்றி சொல்ல வேண்டும் :-)

1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வெளியிட்டது. மதர்போர்டின் நீள அகலம், திருகு ஓட்டை எங்கே வர வேண்டும், கரண்ட் கனெக்டர் எப்படி இருக்க வேண்டும் எல்லாவற்றுக்கும் பொது அளவு. எந்தக் கேபினட்டிலும் எந்தக் கம்பெனி போர்டும் உட்காருவது இதனால்தான்.

சரி, நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். ஐபிஎம் 1978-லேயே இந்தியாவை விட்டுப் போயிருந்தது. 1984 நவம்பரில் வந்த புதுக் கம்ப்யூட்டர் கொள்கை கதவைக் கொஞ்சம் திறந்தது. அதே வருடம் சி. ரங்கராஜன் கமிட்டி அறிக்கை கொடுத்த பிறகுதான் பேங்க் கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வரத் தொடங்கின. ஆனால் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் என்பது கனவுதான், இறக்குமதி வரி அப்படி. 1991-க்குப் பிறகு வரி குறையக் குறைய டெல்லி நேரு ப்ளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எல்லாம் களைகட்டின. 1997-ல் இந்தியா தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையில் சேர்ந்தது. 2005-க்குள் அந்தப் பட்டியலில் இருந்த பொருட்களுக்கு இறக்குமதி வரி படிப்படியாக இல்லாமலே போனது. நம்மில் பலர் வீட்டு முதல் கம்ப்யூட்டர், பெயர் இல்லாத வெள்ளைப் பொட்டியாக, இப்படி ஒரு தெருவிலிருந்துதான் வந்திருக்கும். கல்யாணமான புதிதில் தங்கமணி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடியதும் அப்படி ஒரு பொட்டியில்தான்.

இப்போது பட்ஜெட்டில் பெரும் பங்கை விழுங்கும் ஆசாமிக்கு வருவோம். கிராபிக்ஸ் கார்டு. 1993 டிசம்பரில் டூம் விளையாட்டு வந்தபோது எல்லாக் கணக்கையும் ப்ராசஸரே போட்டது. 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி வூடூ என்ற கார்டைக் கொண்டுவந்தது. அது முப்பரிமாணப் படம் மட்டும்தான் போடும். சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு தனியாக வேண்டும், இரண்டையும் வெளியே ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். அப்படியும் ஜனங்கள் வாங்கினார்கள், வித்தியாசம் அப்படி இருந்தது. 1999-ல் என்விடியா தன் ஜீஃபோர்ஸ் 256 கார்டை உலகின் முதல் ஜிபியு என்று விளம்பரம் செய்தது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துக்களை என்விடியாவிடமே விற்றது. 2006-ல் ஏடிஐ கம்பெனியை ஏஎம்டி வாங்கியது. பத்துப் பதினைந்து கம்பெனி இருந்த இடத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். 2022-ல் இன்டெல் மூன்றாவதாக வந்து சேர்ந்தது. ப்ராசஸரில் போட்டியால் நமக்குக் கிடைத்த லாபம் கிராபிக்ஸ் கார்டில் ஏன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை என்பதற்கு இதுதான் பதில்.

இதில் சந்தை விபத்துகள் வேறு. 1993 ஜூலையில் ஜப்பானில் சுமிடோமோ கெமிக்கலின் ஒரு தொழிற்சாலை வெடித்தது. சிப்பை மூடும் பிசின் செய்கிற இடம் அது. உலகம் முழுக்க மெமரி விலை எகிறியது. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. 2020-லிருந்து சுமார் இரண்டு வருடம் கோவிட் ஒரு பக்கம், கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டே கண்ணில் படவில்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றியதும் அந்தக் கிராக்கி விழுந்தது. கடைசியாக 2025 பிற்பாதியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. உலகில் மெமரி செய்கிற பெரிய கம்பெனிகளே மூன்றுதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். அதில் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்று வந்த க்ரூஷியல் வியாபாரத்தையே மூடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

1981-ல் அவசரத்தில் கிடைத்த சலுகை 1987-ல் ஒரு ஸ்லாட்டால் போகப் பார்த்தது. இன்று அதற்கு வரும் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து. யாரும் பூட்டுப் போடவில்லை, செய்கிறவர்களுக்கு நம்மைவிடப் பெரிய வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்கள்.

ஆனால் இதே சரித்திரத்தில் நமக்கு ஒரு ஆறுதலும் இருக்கிறது. பார்ட் தனித்தனி என்பதால் விலை ஏறிய ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டு மற்றதை இன்று வாங்கலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் இது முடியாது. நான் இந்தக் கணக்கில்தான் முடிவெடுத்தேன்.

முதலில் ஆடப்போகிறவர் என்ன ஆடுவார் என்று பார்த்தேன். தங்கமணி கேட்டது இரண்டு: விட்ச்சர் 3, பால்டர்ஸ் கேட் 3. இரண்டாவது 2023-ல் வந்தது, கனமானது. ஆனால் அதில் சண்டை சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது. நொடிக்கு 60 பிரேம் வந்தால் தாராளம். அதைச் செய்தவர்களே பரிந்துரைப்பது 2019-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அளவிலான கார்டு, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டியில் 150 ஜிபி இடம். கடைக்காரர் காட்டிய பெரிய கார்டு அவசியமில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

ப்ராசஸர், மதர்போர்டு: ஏஎம்டி ரைசன் 5, ஏஎம்5 சாக்கெட். 2017-ல் ரைசனுக்காக ஏஎம்4 போர்டு வாங்கிய பலர் 2022-ல் வந்த ப்ராசஸரை அதே போர்டில் மாட்டிக்கொண்டார்கள். ஏஎம்5-க்கும் 2027-ஐத் தாண்டி ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று நடுத்தரம் போதும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ராம்: 16 ஜிபி ஒரே குச்சியாக. இரண்டு 8 ஜிபி போட்டால் வேகம் கொஞ்சம் கூடும், வாஸ்தவம். ஆனால் விலை இறங்கியதும் இன்னொரு 16 செருக எனக்கு ஸ்லாட் காலியாக வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு: மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுக்கும் நடுவே யோசித்து, 16 ஜிபி மெமரி உள்ள இரண்டாவதை எடுத்தேன். கார்டில் இருக்கும் மெமரியைப் பின்னால் கூட்டவே முடியாது. தள்ளிப்போட முடியாத ஒரே இடம் என்பதால் அங்கே மட்டும் கை தாராளம்.

எஸ்எம்பிஎஸ்: நல்ல கம்பெனி 650 வாட். பளபள விளக்கு வைத்த கேபினட்டுக்குப் போகிற காசை இதில் போடுவது மேல். மட்டமான எஸ்எம்பிஎஸ் போனால் கூட நாலு பார்ட்டைக் கூட்டிக்கொண்டு போகும். எஸ்எஸ்டி 1 டிபி, மானிட்டர் 24 இன்ச். கேபினட், காற்று போக வழி இருந்தால் போதும்.

ஐந்து பேரிடம் சொன்னேன். நாலு பேர், "இந்த வயசுல அவங்களுக்கு எதுக்கு சார் இது?" என்றார்கள். இதே தொகைக்கு நான் பைக் வாங்கியபோது யாரும் என் வயதைக் கேட்கவில்லை. எல்லார் தேவையும் முடிந்து மிச்சமிருந்தால் அவளுக்கு என்பதுதான் நம் வீடுகளின் பட்ஜெட் வழக்கம். மிச்சம் என்றைக்கும் இருக்காது என்று கணக்குப் பார்க்கிற தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாதா? அதனால் இதை வருட ஆரம்பத்திலேயே தனித் தலைப்பில் எழுதி ஒதுக்கிவிட்டேன்.

கடைசியாக, என்னைப் போல டிரான்ஸ்ஃபரில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு பார்ட்டுக்கும் வாரண்டி காலம் வேறு வேறு. பில்லில் சீரியல் நம்பரோடு தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள், அட்டைப்பெட்டிகளைப் பரண் மேல் பத்திரப்படுத்துங்கள். வீடு மாற்றும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்துக் கையோடு எடுத்துப் போங்கள். லாரி குலுக்கலில் அந்தக் கனம் ஸ்லாட்டையே பெயர்த்துவிடும். திருகு நாலுதான், கழற்றி மாட்டப் பத்து நிமிடம் ஆகும்.