பெயர் மறைக்கப்பட்ட குப்பிகள்

2006 ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பிய நகரமொன்றில் உறவினர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அவர்களுடைய ஒன்பது வயது மகனுக்குப் பாடத்தில் கவனம் நிற்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சில கணங்கள் எங்கோ பார்த்தபடி உறைந்துவிடுவான். பின்னர் எதுவும் நடவாததுபோல் பேச்சைத் தொடர்வான். வாரம் ஒருமுறை அவனை மாற்று மருத்துவச் சிகிச்சையாளர் ஒருவரிடம் கூட்டிச் சென்றார்கள். ஒருநாள் நானும் உடன் போனேன்.

அந்த அம்மையார் மேசைமீது ஒரு பெட்டியைத் திறந்து வைத்தார். ஸ்பொஞ்சில் குடைந்த குழிகளில் சுண்டுவிரல் பருமனான கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மூளையின் ஒரு பகுதியின் பெயர்: அமிக்டலா, ஹிப்போகம்பஸ், தலமஸ், சிறுமூளை எனப் பல. அந்தந்தப் பகுதியின் திசுவிலிருந்து ஹோமியோபதி முறையில் ஐதாக்கித் தயாரித்த திரவம் உள்ளே இருப்பதாகச் சொன்னார். பையன் இடது கையில் ஒரு குப்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையை முன்னே நீட்ட வேண்டும். அம்மையார் அவனுடைய மணிக்கட்டை இரு விரல்களால் கீழ்நோக்கி அழுத்துவார். கை தாங்கி நின்றால் அப்பகுதி நலம். தாழ்ந்தால் அங்கே சமநிலை குலைந்திருக்கிறது. அன்று அமிக்டலாவுக்குக் கை விழுந்தது.

பத்திரிகைக்காரனின் வாய் சும்மா இருக்குமா? குப்பியில் ஒட்டியிருக்கும் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் இதே விடைதான் வருமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சந்தேகம் புகுந்தால் சக்தியோட்டம் தடைப்படும் என்று கனிவோடு சொன்னார். அவர் ஏமாற்றுக்காரர் என்று அன்றும் நான் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. கொழும்புக்குத் திரும்பியபின் இப்பெட்டியின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். வேறு வேறு இரு வரலாறுகள் அதற்குள் வந்து கூடியிருந்தன.

ஒன்று தசையின் வரலாறு. அதன் தொடக்கம் மதிப்புக்குரியது. இளம்பிள்ளைவாதம் பரவிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொஸ்டன் நகரத்து எலும்பியல் மருத்துவர் ராபர்ட் லவெட்டும் அவருடைய உதவியாளர் வில்ஹெல்மின் ரைட்டும் எந்தத் தசை எவ்வளவு செயலிழந்தது என்பதை, கையால் எதிர்விசை கொடுத்துப் படிமுறையாக அளக்கும் வழியை வகுத்தார்கள். 1921 இல் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு வந்திருப்பது இந்நோயே என்று கண்டறிந்தவரும் இதே லவெட்தான். கென்டல் தம்பதியர் 1949 இல் இம்முறையை நூலாக்கினர். இயன்மருத்துவர்கள் இன்றும் தசையை இவ்வாறே சோதிக்கின்றனர்.

1964 இல் டெட்ரொயிட்டில் இது திசை மாறியது. ஜோர்ஜ் குட்ஹார்ட் என்ற முதுகெலும்புச் சிகிச்சையாளரிடம் தோள்பட்டை எலும்பு பின்புறம் துருத்திய இளைஞன் ஒருவன் வந்தான். தசை எலும்போடு பொருந்தும் இடத்தை அவர் தேய்த்துவிட்டபோது கைக்கு வலு திரும்பியதாகத் தோன்றிற்று. அதிலிருந்து அவர் வெகுதூரம் சென்றுவிட்டார். ஒவ்வொரு தசையும் ஓர் உள்ளுறுப்போடு தொடர்புடையது என்றார். சீனரின் அக்குபங்சர் நாடிகளையும் அதனோடு சேர்த்தார். நாக்கில் வைத்த உணவுக்குத் தசை விடை சொல்லும் என்ற நிலை வந்தது. பின்னர் நாக்கும் தேவைப்படவில்லை, கையில் ஒரு குப்பி போதும் என்றாயிற்று.

அந்தக் குப்பிக்குள் இருப்பதே இரண்டாவது வரலாறு. சக்சனி நாட்டவரான சாமுவேல் ஹானிமன் 1796 இல் 'ஒத்ததை ஒத்தது குணமாக்கும்' என்ற கொள்கையை வெளியிட்டார். மருந்தை நூற்றிலொன்றாக ஐதாக்கிக் குலுக்கி, அதையே முப்பது தடவை திரும்பச் செய்தால் '30 சி' எனப்படும் வீரியம் கிடைக்கும். பன்னிரண்டாம் தடவைக்கு அப்பால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது. ஹானிமனைக் குறைசொல்ல மாட்டேன். மூலக்கூறுகளின் அளவை லோஷ்மிட் கணக்கிட்டது 1865 இல். ஹானிமனோ 1843 இலேயே காலமாகிவிட்டார்.

ஆனால் அவருடைய வாழ்நாளிலேயே ஒரு சோதனை நடந்தது. படித்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது அதுதான்.

நியூரம்பர்க் நகரின் பொதுச் சுகாதாரத்துக்குப் பொறுப்பாயிருந்த பிரெடரிக் வில்ஹெல்ம் ஃபொன் ஹோவன், 1834 இல் புனைபெயரில் ஹோமியோபதியைக் கண்டித்து எழுதினார். அந்நகரின் ஹோமியோபதி மருத்துவர் யோஹான் யாகோப் ரொய்ட்டர் விடுவாரா? முப்பது தடவை ஐதாக்கிய சாதாரண உப்பை உட்கொள்பவர் வழக்கத்துக்கு மாறான ஏதேனும் ஒன்றை உணர்வார் என்று பத்துக்கு ஒன்று பந்தயம் பேசினார். ஊர் மக்கள் சிலர் பந்தயத்தை மெய்யாகவே எடுத்துக்கொண்டனர். 1835 பெப்ரவரி 19 அன்று 'செஞ்சேவல்' என்ற பெயருடைய விடுதியில் 120 இற்கும் மேற்பட்டோர் கூடினர். எண்ணிட்ட 100 குப்பிகள் குலுக்கிக் கலக்கப்பட்டு இரண்டு பங்காகப் பிரிக்கப்பட்டன. ஒரு பங்கில் உருகிய பனியைக் காய்ச்சி வடித்த நீர். மற்றதில் அந்த நீரில் தயாரித்த உப்பு மருந்து. எந்த எண்ணில் எது என்ற பட்டியல் முத்திரையிடப்பட்டது. கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது.

மூன்று வாரங்களின் பின் மறுபடியும் கூடினார்கள். 50 பேரின் விடைகள் கிடைத்தன. 42 பேர் எதையும் உணரவில்லை. ஏதோ உணர்ந்ததாகச் சொன்ன எட்டுப் பேரில் ஐவர் மருந்தையும் மூவர் வெறும் நீரையும் குடித்தவர்கள். அதாவது, 'இருவர் கண்களையும் கட்டிய' மருந்துச் சோதனை, பேராசிரியர்கள் எவரும் அதற்குப் பெயர் சூட்டுவதற்கு முன்பே, ஒரு விடுதியில் பந்தயம் பேசியவர்களால் நடத்தப்பட்டுவிட்டது.

1988 இல் பரிஸ் அருகே கிளமார் ஆய்வுகூடத்தில் இதே கதை மீண்டும் நிகழ்ந்தது. ஜாக் பென்வெனிஸ்த் என்ற விஞ்ஞானி, நீருக்கு நினைவுண்டு எனப் பொருள்படும் முடிவுகளை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். இதழாசிரியர் ஜோன் மடொக்ஸ் தலைமையில் ஒரு குழு அங்கே சென்றது. செப்படி வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியும் அதில் ஒருவர். குப்பிகளின் குறியீட்டுத் தாளை உறையிலிட்டு, எவருடைய கைக்கும் எட்டாதபடி கூரையில் ஒட்டினார்கள். விளைவு மறைந்துபோயிற்று.

தசையின் பக்கமும் இதற்கு மாறாக அமையவில்லை. பிரெஞ்சு இரசாயனவியலாளர் மிஷேல் ஷெவ்ரூல், நூலில் தொங்கும் வளையம் பாதரசத்தின் மேல் தானே ஊசலாடுவதைக் கண்டு வியந்தவர். தன் கண்ணை மறைத்துக்கொண்டு பிடித்தபோது ஆட்டம் நின்றது. அசைத்தது தன் கையே என்பதை 1833 இல் வெளிப்படையாக எழுதினார். இந்த நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எதிர்பார்ப்பே தசையை நாமறியாமல் இயக்குகிறது என்ற விளக்கத்தை 1852 இல் வில்லியம் காப்பென்டர் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுமுன் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்த முதியவர்களைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அவர்களும் பொய் சொன்னவர்கள் அல்லர்.

1988 இல் அமெரிக்காவில் அனுபவம் மிக்க மூன்று தசைச் சோதனையாளர்கள், 11 பேருடைய உடலில் நான்கு ஊட்டச்சத்துகளின் நிலையைக் கணித்தனர். ஒருவர் கணிப்பு மற்றவருடையதோடு ஒத்துவரவில்லை. ஆய்வுகூட முடிவோடும் ஒத்துவரவில்லை. 2014 இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒரு குப்பியில் நச்சுப்பொருளும் மற்றதில் உப்புநீரும் வைத்து, எதில் எது என்பதை அனைவருக்கும் மறைத்தார்கள். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே விடைகள் கிடைத்திருக்கும்.

உளவியலாளர் ரே ஹைமன் பதிவுசெய்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 'நல்ல' சர்க்கரையையும் 'கெட்ட' சர்க்கரையையும் தசையால் பிரித்தறிவதாகச் சொன்ன சிகிச்சையாளர்கள், எது எதுவென்று தெரியாதபோது தோற்றுப்போயினர். அவர்களுள் மூத்தவர் ஹைமனிடம் திரும்பி, இதனால்தான் இத்தகைய மறைவுச் சோதனைகளை நாங்கள் செய்வதே இல்லை, அவை ஒருபோதும் சரிவருவதில்லை என்றாராம். அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நான் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்கா 1990களை 'மூளையின் தசாப்தம்' என்று பிரகடனம் செய்த காலத்தில், மூளைப் பகுதிகளின் பெயர்களை ஞாயிறு மலரில் வண்ணப் படங்களோடு எழுதித் தள்ளியவர்களில் நானும் ஒருவன். அச்சம் அமிக்டலாவில், ஞாபகம் ஹிப்போகம்பஸில் என்று பெட்டிபெட்டியாகப் பிரித்துக் கொடுத்தோம். குப்பியில் ஒட்டிய அந்தப் பெயர்களை என் உறவினர் அத்தனை மரியாதையோடு வாசித்ததில் எங்கள் பங்கும் உண்டு.

பையனின் சிகிச்சை பதினான்கு மாதங்கள் நீடித்தது. இறுதியில் பாடசாலை ஆசிரியை ஒருவர், அவன் உறையும் கணங்களை நேரம் குறித்துவைத்துப் பெற்றோரை வைத்தியசாலைக்கு அனுப்பினார். மூளை மின்னலைப் பதிவு எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு வரும், விழாமலும் துடிக்காமலும் சில விநாடிகள் நினைவு மட்டும் அறுகின்ற ஒருவகை வலிப்பு அது. நாளொன்றுக்குப் பல தடவை வந்திருக்கிறது. அவன் வீதியைக் கடக்கும்போதும் வந்திருக்கலாம் என்று தகப்பன் பின்னொருநாள் தொலைபேசியில் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசவில்லை. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் அது அடங்கிவிட்டது.

இப்போது அவன் வேலை பார்க்கும் இளைஞன். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்புக்கு வந்தபோது அந்தப் பெட்டி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது என்றான்.

"அந்த அன்ரி கையை அமத்த முதல் சில நேரம் மூச்சை உள்ளுக்கு இழுப்பா, மாமா. அப்படி இழுத்தா என்ர கை கட்டாயம் விழும். அது எனக்கு முதலே தெரியும்."

ஏன் அதை அப்போதே அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும் எண்டுதான் நினைச்சனான்," என்றான்.