பெயர் சொல்லிக் கூப்பிடும் லேசர்: யுரேனியத்தைப் பிரிக்கும் அகச்சிவப்பு ஒளி... உலகம் பயப்படுவது ஏன்?

மதுரை சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாள், வைகையில் லட்சக்கணக்கில் கூட்டம். உங்கள் நண்பரைத் தேடுகிறீர்கள். சும்மா கத்தினால் எல்லோரும் திரும்புவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்? அவர் மட்டும்தான் திரும்புவார். மூலக்கூறுகளின் கூட்டத்தில் அகச்சிவப்பு லேசர் செய்வதும் இதைத்தான்.

எதற்காக இந்த வேலை?

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான். மீதி கிட்டத்தட்ட எல்லாமே யுரேனியம்-238. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்துக்கு இயற்கை யுரேனியமே போதும். கூடங்குளத்துக்கு அப்படியில்லை, 235-இன் அளவைக் கூட்டிய எரிபொருள் வேண்டும். அதை வழங்கும் ரஷ்யா, வாயுவை அதிவேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் மூலம் 235-ஐப் பிரிக்கிறது. லேசர் என்பது இன்னொரு வழி.

லேசர் எப்படிப் பிரிக்கிறது?

யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு வாயுவில் ஒவ்வொரு மூலக்கூறும் அதிர்ந்துகொண்டே இருக்கும். 235, 238 இரண்டின் அதிர்விலும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சாதாரண வெப்பநிலையில் அது தெரியாது. தள்ளுமுள்ளு நடக்கும் இடத்தில் கூப்பிட்டால் காதில் விழாதே, அந்த மாதிரி.

அதனால் வாயுவைச் சின்னத் துளை வழியாக வெற்றிடத்துக்குள் ஒலியைவிட வேகமாகப் பீய்ச்சுகிறார்கள். வாயு விரியும்போது கடுமையாகக் குளிர்ந்து, மூலக்கூறுகள் ஒரே திசையில் கற்றையாக ஓடும். இப்போது வித்தியாசம் தெளிவாகிவிடும்.

குளிர்ந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகும். அந்த நேரத்தில் 235-க்குப் பொருந்தும் லேசரைப் பாய்ச்சினால், அவை மட்டும் ஆற்றலை வாங்கி, ஒட்டாமல் தனியாக நிற்கும். கனமான கொத்துகள் கற்றையின் நடுவில் போக, தனி மூலக்கூறுகள் ஓரத்துக்கு விலகும். ஓரத்தில் வருவதைத் தனியாகப் பிடித்தால் 235-இன் பங்கு கூடியிருக்கும்.

இந்தியர்களின் பங்கு என்ன?

கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் அலைநீளம் சுமார் 10 மைக்ரான். யுரேனியத்துக்குத் தேவை 16 மைக்ரான். லேசரை ஹைட்ரஜன் வாயு வழியே செலுத்தினால் இந்த மாற்றம் கிடைக்கும். அதற்குக் காரணம் ராமன் சிதறல். ஆம், திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1928-இல் கண்டறிந்த அதே விளைவுதான்.

பயம் ஏன்?

இதே முறையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அணுகுண்டுக்கான யுரேனியமும் கிடைக்கும். லேசர் ஆலை சென்ட்ரிஃபியூஜ் ஆலையைவிடச் சிறியதாக இருக்கலாம், மறைப்பதும் சுலபம் என்பதுதான் நிபுணர்களின் கவலை. ஆஸ்திரேலியாவில் உருவான 'சைலெக்ஸ்' லேசர் முறையின் விவரங்களை 2001-இல் அமெரிக்கா ரகசியமாக்கியது.

ஆனால் நல்ல பக்கமும் உண்டு. கார்பன்-13-ஐ லேசரால் பிரிக்கும் ஆய்வுகள் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நடந்துள்ளன. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் கிருமியை ஊசி போடாமல், மூச்சை வைத்தே கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு இந்த கார்பன்-13 பயன்படுகிறது.