வடசென்னைத் துறைமுக வட்டாரத்தில் விநியோகச் சங்கிலிப் பணிகள்: மாற்றமும் ஆயத்தமும்

விநியோகச் சங்கிலி மேலாண்மை என்பது, மூலப்பொருளைக் கொள்முதல் செய்வது முதல் முடிந்த பொருளை வாங்குபவரிடம் ஒப்படைப்பது வரையுள்ள இருப்பு, கிடங்கு, போக்குவரத்து, சுங்க அனுமதி ஆகிய வேலைகளை ஒரே தொடராகக் கருதித் திட்டமிட்டு நடத்தும் துறையாகும். இப்பெயரைப் பொதுவழக்குக்குக் கொண்டுவந்தவர் கீத் ஆலிவர் என்னும் ஆலோசகர், ஆண்டு 1982. ஆனால் பெயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, இதன் பெரும்பகுதி வேலைகள் ராயபுரம் கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருந்தோரின் பிழைப்பாக இருந்தன. தெற்கே சென்னைத் துறைமுகமும் ராஜாஜி சாலையின் சுங்க இல்லமும், வடக்கே காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என நீளும் தொழிற்பகுதியும் அமைந்திருப்பதால், உலக வணிகத்தில் நேரும் எந்த மாற்றமும் இங்குள்ள வீடுகளின் வருமானத்தை விரைவில் தொட்டுவிடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக இவ்வட்டாரத்தில் சரக்கைத் தூக்கும் வேலை குறைந்து, சரக்கைப் பற்றித் தீர்மானிக்கும் வேலை கூடி வந்திருக்கிறது. இத்துறையில் நுழைவோரின் ஆயத்தத்தையும் இதைக்கொண்டே அளக்க வேண்டும்.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகோட்டிகள் அலைகளைக் கடந்து சரக்கையும் பயணிகளையும் கரைசேர்த்தனர். 1875இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்டு, 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர் காலத்தில் நிலைபெற்றது. கப்பல் நேரே துறைமேடையை அணையத் தொடங்கியதும் படகோட்டிகளின் தொழில் மங்கி, மேடையில் மூட்டை இறக்குவோரின் தொழில் வளர்ந்தது. நாள்தோறும் வாயிலில் ஆள் பொறுக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்திய 1948ஆம் ஆண்டுச் சட்டம், துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து முறைவைத்து வேலை வழங்கவும், வேலை கிட்டாத நாளுக்கு வருகைப்படி அளிக்கவும் வழிசெய்தது.

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது கண்டெய்னர். பல நூறு மூட்டைகளை ஒரே எஃகுப் பெட்டியில் அடைத்துப் பூட்டி, கப்பலிலிருந்து ரயிலுக்கோ டிரெய்லர் வண்டிக்கோ பெட்டியாகவே மாற்றும் இம்முறைக்கென இந்தியாவில் தனியே அமைந்த முதல் முனையம் 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டது. கப்பலின் அடித்தளத்தில் குழுவாக இறங்கி வேலை செய்த இடத்தில், கிரேன் இயக்குபவரும் பெட்டி எண்ணைச் சரிபார்க்கும் டேலி எழுத்தரும் போதுமானவர்களாயினர். பெட்டியைப் பிரிக்கும் வேலை துறைமுகத்தை விட்டு வெளியேறி, சி.எஃப்.எஸ். எனப்படும் கண்டெய்னர் சரக்கு நிலையங்களுக்குச் சென்றது. மணலி, திருவொற்றியூர், மாதவரம் வட்டாரங்களில் இவை பெருகின. 2001இல் மூன்று மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்தன: அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரியை இறக்க எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது, பதிவுபெற்ற தொழிலாளருக்கு வேலை வழங்கிவந்த துறைமுகத் தொழிலாளர் வாரியம் துறைமுகப் பொறுப்புக் கழகத்தோடு இணைக்கப்பட்டது, கண்டெய்னர் முனையத்தின் நிர்வாகம் தனியாரிடம் சென்றது. 2011இல், தூசியால் அவதியுற்ற வடசென்னை மக்களுக்கு ஆறுதலாக, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவதை உயர்நீதிமன்றம் நிறுத்தியது. மக்களின் மூச்சுக்கு நியாயம் செய்த அத்தீர்ப்பு, அச்சரக்கை நம்பியிருந்த வேலைகளைச் சுமார் 24 கிலோமீட்டர் வடக்கே எண்ணூருக்கு நகர்த்தியது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் வளர்ந்தபின் இவ்வட்டாரத்தின் வேலைச்சந்தை தெளிவாக வடக்கு நோக்கித் திரும்பியது.

துறைமேடையில் நேர்ந்தவை கண்ணுக்குத் தெரிந்தவை. சுங்க இல்லத்தில் நேர்ந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாவிடினும், இன்று வேலை தேடும் இளைஞருக்கு அதுவே முக்கியமானது. இறக்குமதியாளர் சார்பில் சரக்கை விடுவித்துத் தரும் சுங்கத் தரகர் நிறுவனங்களில், அதாவது வழக்கில் கிளியரிங் ஏஜென்ட் எனப்படுவோரிடம், பள்ளிப்படிப்பு முடித்த பலர் சேர்ந்து, பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் இறக்குமதி அறிக்கையையும் அதன் இணைப்புகளையும் மேசைக்கு மேசை எடுத்துச் சென்று கையொப்பம் பெறுவதிலிருந்தே தொழிலைக் கற்றனர். 2018இல் ஆவணங்களை மின்வடிவில் பதிவேற்றும் முறை வந்தது. 2020 ஜூன் 8 அன்று, முகமறியா மதிப்பீட்டு முறை நாட்டிலேயே முதலாவதாகச் சென்னையிலும் பெங்களூரிலும், சுங்கக் கட்டண அட்டவணையின் 84, 85ஆம் அத்தியாயங்களில் அடங்கும் இயந்திர, மின்சாதனப் பொருள்களுக்குத் தொடங்கி, அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் விரிந்தது. இம்முறையில் சென்னையில் இறங்கும் சரக்கின் அறிக்கையை வேறொரு நகரத்து அதிகாரி மதிப்பிடலாம். எனவே அதிகாரியை அறிந்திருப்பதற்கு இருந்த மதிப்பு குறைந்து, அவர் கேட்கக்கூடிய கேள்விக்கு முன்கூட்டியே எழுத்தில் விடை வைத்திருப்பதற்கு மதிப்பு கூடியது.

அவ்விடையின் மையம் வகைப்பாடு ஆகும். உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைவு முறையைப் பின்பற்றி, இந்தியாவில் ஒவ்வொரு பொருளுக்கும் 8 இலக்கக் குறியீடு உண்டு. வரிவிகிதம், உரிமத் தேவை, சலுகை அனைத்தும் அக்குறியீட்டைச் சார்ந்தவை. லாரி உதிரிபாகங்கள் என ஒரே விலைப்பட்டியலில் வரும் பொருள்களில் பிரேக் 8708ஆம் தலைப்பிலும், எஞ்சின் பிஸ்டன் 8409இலும், பேரிங் 8482இலும், வயரிங் தொகுதி 8544இலும், டயர் 4011இலும் அடங்கும். எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் 1950களிலிருந்தே இயங்கிய இவ்வட்டாரத்தில், ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும் அது எஞ்சினுக்குள் செல்வதா சக்கரத்தில் பொருந்துவதா எனச் சொல்லக்கூடியோர் ஏராளம். பட்டறையில் பெற்ற அவ்வறிவோடு வகைப்பாட்டின் ஆறு பொது விளக்க விதிகளையும் கற்றால், பட்டம் மட்டும் பெற்றவரைவிடத் திறமான வகைப்பாட்டாளராக ஒரு மெக்கானிக்கால் உயர முடியும். இவ்வாய்ப்பு இங்கே போதிய அளவு உணரப்படவில்லை.

தரகுத் தொழிலில் ஏறுபடிகளும் வரையறுக்கப்பட்டுள்ளன. 2018ஆம் ஆண்டு சுங்கத் தரகர் உரிம விதிமுறைகளின்படி, பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியுள்ள பணியாளர் எச் அட்டை பெற்று உதவியாளராகலாம். சுங்க அதிகாரி நடத்தும் எழுத்துத் தேர்வில் தேறினால் ஜி அட்டை பெற்று ஆவணங்களில் கையொப்பமிடலாம். தரகர் உரிமத்துக்கான அகில இந்தியத் தேர்வு அதற்கும் மேற்பட்டது. இறக்குமதியாளரின் அடையாளத்தையும் வரிப்பதிவையும் சரிபார்ப்பதைத் தரகரின் கடமையாக இவ்விதிமுறைகள் ஆக்கியுள்ளதால், எடுபிடியாக நடத்தப்பட்ட வேலை இப்போது சட்டப் பொறுப்புள்ள பணியாகியுள்ளது. இதனுடன், இலவச நாள்கள் கடந்தபின் இடத்துக்கு விழும் டெமரேஜ், பெட்டியைத் திருப்பத் தாமதித்தால் கப்பல் நிறுவனத்துக்குச் செலுத்தும் டிடென்ஷன் ஆகிய இரண்டையும் நாள்கணக்கில் கவனித்து வாடிக்கையாளரை எச்சரிக்கும் பழக்கமும் தேவை. 2023 இறுதியில் செங்கடல் பாதை ஆபத்தானதாகி, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது, வருகைத் தேதிகள் குலைந்து, இத்தகைய கணிப்பு வேலையின் அருமை புலப்பட்டது.

உள்நாட்டுப் பக்கத்தில், 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி, மாநிலத்துக்கு ஒரு சிறு கிடங்கு என்ற ஏற்பாட்டின் தேவையைக் குறைத்து, பெரிய கிடங்குகளுக்கு வழிவிட்டது. அங்கே கையால் எழுதிய சரக்கு வரவுப் பதிவேட்டின் இடத்தில் ஸ்கேனரும் கிடங்கு மேலாண்மை மென்பொருளும் உள்ளன. விரிதாளில் இருப்பைக் கணக்கிடவும், கணினி காட்டும் எண்ணும் அடுக்கில் உள்ள எண்ணும் ஏன் வேறுபடுகின்றன எனத் தேடவும் தெரிந்தவர் அங்கே மேற்பார்வையாளராகிறார்.

மணலியின் சுத்திகரிப்பு, உர, வேதித் தொழிற்சாலைகளால் இவ்வட்டாரத்துக்கே உரிய மற்றொரு திறன், ஆபத்தான சரக்கைக் கையாளுதல். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் அமோனியம் நைட்ரேட்டால் வெடித்தபோது, சுங்கத்துறை 2015இல் பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அமோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில் மணலியின் சரக்கு நிலையமொன்றில் கிடந்தது வெளியே தெரியவந்து, அது ஐதராபாத்துக்கு அகற்றப்பட்டது. கடல்வழி ஆபத்தான சரக்குகளுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு அப்பொருளை 5.1 என்னும் ஆக்சிஜனேற்றி வகுப்பில் வைக்கிறது. எந்த வகுப்பை எதன் அருகில் அடுக்கக்கூடாது என அறிந்த ஓர் எழுத்தர், குடியிருப்புகள் நெருங்கிய இப்பகுதியில் உயிர்காப்பவராவார். வண்டி ஓட்டுநருக்கும் இது பொருந்தும்: ஆபத்தான சரக்கை ஏற்றிச்செல்பவர் பயிற்சி பெற்று உரிமத்தில் மேலெழுத்துப் பெற வேண்டும் என மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் எனப்படும் வாயில் வரிசையில் மணிக்கணக்கில் காத்திருக்கும் டிரெய்லர் ஓட்டுநர்களுக்குக் கூலி உயர்வுக்கான வழிகளில் இது எட்டக்கூடிய ஒன்று.

பயிற்சி நிறுவனங்களுக்குச் சென்னையில் குறைவில்லை. தளவாடத் துறைத் திறன் குழுமத்தின் தலைமையிடமும், இந்தியத் தொழிற்கூட்டமைப்பின் தளவாடக் கல்வி நிறுவனமும், 2008இல் நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும் இங்குள்ளன. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்க்குத் திறன்பயிற்சி தருகிறது. எனினும் கல்விநிலையச் சான்றிதழை முதலில் பெற்றுப் பின்னர் வேலை தேடும் வரிசையைவிட, எச் அட்டையோ கிடங்குப் பயிற்சிப்பணியோ பெற்று ஓராண்டு உழைத்தபின், பார்த்த சிக்கலுக்குப் பொருந்தும் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது பயனுள்ளது. ஆவணத்தைக் கண்ணால் காணாதவருக்கு விதிகள் மனத்தில் பதிவதில்லை.

துறைமேடைக் குழுக்களில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. மின்வழி ஆவண வேலையும் கட்டுப்பாட்டறைப் பணியும் அத்தடையைத் தளர்த்தியுள்ளன. கேரளத்தின் விழிஞ்சம் துறைமுகத்தில் உள்ளூர்ப் பெண்கள் தொலைவிலிருந்து கிரேன்களை இயக்குகின்றனர். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் அதே வகைப் பணிகள் உருவாகும்போது, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் மீனவர், துறைமுகத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் அவற்றுக்கு உரியவர்களாக இருக்க, பள்ளிப் பருவத்திலேயே கணக்கும் கணினியும் அவர்களைச் சென்றடைய வேண்டும். இரவுப்பணி முடிந்து வடக்கிலிருந்து திரும்ப நம்பகமான பேருந்து வசதியும் வேண்டும்.