கணக்கில் ஏறாத கொடை

நம் சங்கத்தின் ஐம்பதாண்டு வரவு செலவுக் கணக்கைப் புரட்டினால், யார் எவ்வளவு நன்கொடை தந்தார்கள் என்பது ரிங்கிட், சென் வரை தெரியும். ஆனால் கம்போங் மேடானில் இச்சங்கத்தைத் தாங்கி நின்றவற்றில் பெரும்பகுதி பணமாக வந்ததல்ல. பொருளாகவும் உழைப்பாகவும் வந்தது. இந்த வழக்கம் நம் சமுதாயத்தில் சங்கத்தைவிடப் பல மடங்கு பழையது.

1801-இல் பினாங்கின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜார்ஜ் லீத், காதர் முகைதீனைத் தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தானாக நியமித்து, பள்ளிவாசல் கட்ட 18 ஏக்கர் நிலமும் வழங்கினார். பணம் என்றால் ஒரு கட்டடத்தோடு செலவாகியிருக்கும். நிலமாகக் கிடைத்ததால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இரு நூற்றாண்டுகளைக் கடந்து இன்றும் அங்கே நிற்கிறது.

அதே நிலம் இன்னொரு பாடமும் சொல்கிறது. தலைமுறைகள் மாற, வக்பு நிலத்தில் வீடுகள் பெருகின. நிர்வாகத்தில் குறைகள் எழுந்தன. 1905-இல் ஆங்கில அரசு சட்டம் இயற்றி, இத்தகைய அறச் சொத்துகளை ஒரு வாரியத்தின் பொறுப்பில் வைத்தது. கொடுத்தவரின் நோக்கத்தைக் காக்கத் தவறினால், கொடையின் மீதுள்ள உரிமையும் கைநழுவும் என்பதை நம் முன்னோர் அன்று கண்டார்கள்.

நம்மிடம் 18 ஏக்கர் இல்லை. ஆனால் நோன்புக் கஞ்சிக்கு அரிசி தந்த மளிகைக் கடைக்காரர், தேக்சாவை இரவல் தந்த உணவகக்காரர், ஜனாஸாவுக்கு வேனை இலவசமாக ஓட்டியவர், விடியும்வரை வெங்காயம் நறுக்கிய பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். 2001 மார்ச்சில் இவ்வட்டாரம் கலவரத்தில் ஆறு உயிர்களை இழந்தது. அத்தகைய வேளையில் வங்கி இருப்பைவிட, பல ஆண்டுகளாக அண்டை வீட்டுக்குப் போய்வந்த கஞ்சிப் பாத்திரமே பெரிய சொத்து என்பதை இங்கு வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரசீது இல்லாத கொடை, கொடுத்தவர் மறைந்ததும் மறந்துபோகிறது. மூத்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறார்கள். ஆகவே உறுப்பினர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் அத்தாவும் அம்மாவும் சங்கத்துக்கு எதைச் செய்தார்கள் என்று கேட்டு எழுதித் தாருங்கள். அடுத்த ஆண்டறிக்கையில், பண வரவுக்கு அடுத்த பக்கத்தில், அவர்கள் பெயர்களும் இடம்பெறட்டும்.