பெருந்தச்சனின் பங்கும் பயிற்சியாளனின் பொழுதும்

சென்ற சித்திரையில் ஓர் இரவு, பதினொன்றரை மணியளவில் என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். கட்டுமானப் பொறியியலில் பட்டம் பெற்று, தஞ்சைக்கும் திருச்சிக்கும் இடையே எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் 'டிரெய்னி' பொறியாளனாகச் சேர்ந்து அப்போது அவனுக்கு நான்கு திங்கள் ஆகியிருந்தன. "தளம் போட்டுக்கிட்டு இருக்கோம் மாமா. காலையில ஏழு மணிக்கு வந்தேன். எப்ப முடியும்னு தெரியல" என்றான். மறுநாள் ஓய்வு உண்டா என்று கேட்டேன். சிரித்தான். "மறுபடியும் ஏழு மணிதான். ஆர்டர்ல நேரம்னு ஒண்ணும் போடல மாமா."

அவன் பக்கம் மட்டும் பேசுவது நியாயமாகாது. கான்கிரீட் போடத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த இயலாது. முன்பு போட்ட கலவை இறுகிய பின் அதன்மேல் புதியதைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகா. அந்த இணைப்பு வலுவிழந்து, பின்னாளில் நீர் கசியும். சித்திரை வெயிலோ கலவையை இன்னும் விரைவாக இறுகச் செய்யும். ஆகவே மாலையில் தொடங்கி இரவெல்லாம் வேலை நடப்பது தொழிலின் இயல்பே. கடிகாரம் பார்த்துக் கட்டடம் கட்ட முடியாது.

காவிரிப் படுகை இதை நெடுங்காலமாக அறியும். இங்கே கட்டுமான வேலையின் காலத்தை வகுத்தது ஆறுதான். 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பின், வழக்கப்படி ஜூன் 12-இல் நீர் திறந்து ஜனவரி 28-இல் அடைப்பார்கள். மதகு, படுகையணை, கால்வாய்க் கரை எதுவாயினும் பெரும்பாலும் இடைப்பட்ட கோடையில்தான் வேலை நடந்தாக வேண்டும். தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் ஆண்டுதோறும் உண்டு. ஆகவே நேரம் நெகிழ்வது புதிதன்று. நெகிழ்கின்றவனுக்கு அதற்கு ஈடாக என்ன எழுதித் தரப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பழைய சான்று ஒன்று நம் ஊரிலேயே உள்ளது. இராஜராஜீச்சரத்தின் விமானத்தில் வைக்கச் செப்புக்குடத்தை மன்னன் அளித்தது அவனுடைய 25-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-இல். அக்கோயில் பணியாளர்களுக்கு அவனது 29-ஆம் ஆட்சியாண்டு வரை வழங்கப்பட்ட பங்குகளை நீண்டதொரு கல்வெட்டு பட்டியலிடுகிறது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களைத் தாங்கியதாக வாசகர்கள் அறிந்த கல்வெட்டுத்தான் அது. அதில் தச்சர்களும் உள்ளனர். வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் தலைமை. அவருக்குக் கீழே நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என இருவர். தலைவருக்குக் கூடுதல் பங்கு, கீழிருந்தோர்க்குக் குறைந்த பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

நாழிகைக் கணக்கு எதுவும் அதில் இல்லை. ஆனால் வேறொன்று உள்ளது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டு நீங்கினாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்கு அத்தகுதி இல்லையேல், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு செய்விக்கலாம். தொழில் பிறப்பின் வழியே கட்டுண்டிருந்த காலம் அது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கல் சுமந்த எண்ணற்றோரின் பெயர் எந்த மதிலிலும் இல்லை. எனினும் தலைமைத் தச்சனுக்குக் கீழே வேலை செய்தவனுக்கும் பெயர், நிலை, நெல்லளவு மூன்றும் எழுதி வைக்கப்பட்டன என்பது நினைவில் நிற்க வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேலைக்கு வரச்சொல்லி வற்புறுத்தும் சட்டமே வந்தது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டப்படி, வெள்ளத்தில் கரை உடையும் அபாயம் நேர்ந்தால் ஊரார் உழைக்க வந்தாக வேண்டும். கடுமையான சட்டந்தான். ஆயினும் அந்த அவசர வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்றும் அது சொன்னது.

1919-இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை, கட்டுமானத்தையும் உள்ளடக்கி, நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் விதிவிலக்கு: வாரம் 60 மணி, அதுவும் ஆலை, சுரங்கம், இரயில்வேயின் சில பிரிவுகளுக்கே. 1925-இல் மேட்டூரில் தொடங்கிய பெரும்பணியில் கல்லுடைத்தோர் இந்தக் கணக்கில் வரவேயில்லை.

விடுதலைக்குப் பின் தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. பொறியியல் பட்டதாரிகளை 1973-ஆம் ஆண்டின் திருத்தம் அதனுள் கொண்டுவந்தது. 1992-ஆம் ஆண்டின் விதிகள், கைத்தொழில் பழகுநருக்கு வாரம் 42 முதல் 48 மணி என்றும், முன் அனுமதியின்றி இரவு 10 முதல் காலை 6 வரை வேலை கூடாது என்றும் வகுத்தன. பட்டதாரிக்கோ அந்தந்தப் பிரிவின் வழக்கமான நேரமே நேரம் என்று விட்டன. 2014-ஆம் ஆண்டின் திருத்தம், நேரத்தைத் தீர்மானிக்கும் உரிமையை வேலை தருவோரிடமே ஒப்படைத்தது. மிகைநேரம் வேலை வாங்க அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்ற பாதுகாப்பு மட்டும் எஞ்சியுள்ளது. அச்சட்டத்தின் 18-ஆம் பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர்.

என் மருமகனுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. அவன் அச்சட்டப்படி பதிவு செய்யப்பட்டவன் அல்லன். 'டிரெய்னி' என்பது நிறுவனம் இட்ட பெயர் மட்டுமே. சரி, தொழிலாளி என்றாவது கருதலாமா? 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளரைத் தொழிலாளர் என்ற சொல்லில் சேர்க்கவில்லை. அவன் ஊதியம் அந்த வரம்பைச் சற்றே தாண்டியது. அன்றிரவு தளம் போட்ட குழுவினருக்குப் பேசிய ஒப்பந்தத் தொகை கிடைத்தது. இரவில் தங்கிய கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூடுதல் கூலி கிடைத்தது. விடியும்வரை அவர்களோடு நின்றவனுக்கு மட்டும் எதுவும் இல்லை. படித்தவன் என்பதாலேயே அவன் கணக்கிலிருந்து விடுபட்டான்.

இரவு வேலையே வேண்டாம் என்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரவில் தளம் போட்டால் மறுநாள் பிற்பகலில் வரலாம். கூடுதலாக நின்ற மணிகள் ஏட்டில் ஏறும். ஏறியதற்கு ஊதியமோ ஓய்வோ உண்டு. பணி ஆணையில் இந்த மூன்று வரிகள் போதும். நெகிழ்ச்சி என்ற சொல் இருபுறமும் வளைவதைக் குறிக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் வளைவதற்குத் தமிழில் வேறு சொற்கள் உண்டு.

பொங்கல் விடுமுறைக்கு வந்தவனைப் பெரிய கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். பெருந்தச்சர்களின் பங்கைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "நூறு கலம்னா இப்ப எவ்வளவு மாமா?" என்று கேட்டான். கணக்கிட்டுச் சொல்ல என்னால் இயலவில்லை. அடுத்த வேலைக்குச் சேரும்முன் ஆணையை முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்திடு என்று மட்டும் சொன்னேன்.