உழாத கலப்பை

நங்கூரத்தை உறுதிக்கு உவமையாக்குவது கவிஞர்க்குப் பழகிய மரபு. பளுவான இரும்பு கடலடியில் அழுந்திக் கிடப்பதால் கலம் நிலைபெறுகிறது என்று அவ்வுவமை கருதுகிறது. மாலுமியின் பட்டறிவோ வேறு. நங்கூரத்தின் உறுதி அதன் பளுவில் மட்டும் இல்லை; அது மண்ணைப் பற்றும் வகையிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது. அப்பற்றுதலைக் கணக்கால் ஆராய்ந்தவருள் ஒருவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜெஃப்ரி இங்ராம் டெய்லர் (1886–1975).

நீர், காற்று ஆகியவற்றின் ஓட்டத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற டெய்லர், பாய்மரப் படகுப் பயணத்திலும் பெருவிருப்பம் கொண்டவர். 1927இல் தம் மனைவியுடன் ‘ஃப்ராலிக்’ என்னும் படகில் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள்வரை சென்று மீண்டார். அந்நாளில் சிறுபடகுகளில் பெரிதும் வழங்கியது இரு கைகளும் குறுக்குத்தண்டும் கொண்ட பழைய நங்கூரம். அதன் ஒரு கை மண்ணில் புதையும். மற்றது மேல்நோக்கி நிற்கும். காற்றோ நீரோட்டமோ திரும்பிப் படகு சுற்றிவந்தால், சங்கிலி அக்கையில் சிக்கி நங்கூரத்தையே பெயர்த்துவிடும்.

டெய்லர் உழவனின் கருவியை நாடினார். 1933இல் அவர் காப்புரிமை பெற்ற நங்கூரத்தில், கலப்பையின் கொழுப் போன்ற அலகு கீலால் தண்டுடன் இணைந்திருந்தது. இழுக்க இழுக்க அது மண்ணுள் ஆழ்ந்தது. பளுவைக் குறைத்தாக வேண்டிய கடல் விமானங்களுக்கென எண்ணப்பட்ட அவ்வடிவம் விரைவில் பயணப் படகுகளுக்கும் உரியதாயிற்று. பாதுகாப்பைக் குறிக்கும் ‘செக்யூர்’ என்ற ஆங்கிலச் சொல்லை வணிகப் பெயராகப் பெற இயலாமையால், ஒலியில் அதனை ஒத்த ‘சி.க்யூ.ஆர்.’ என்ற எழுத்துகள் பெயராயின. சொல்லை ஒலிக்குள் மறைக்கும் அவ்வுத்தி கவிஞர்க்குப் புதிதன்று.

எனினும், கருவி மட்டும் காவலாகாது. இழுவிசை கடலடியை ஒட்டிச் செல்லும்வரை நங்கூரம் ஆழும். மேல்நோக்கி இழுத்தால் பெயரும். ஆகவே சங்கிலியாயின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கும், கயிறாயின் ஏழு மடங்கும் விடுதல் பொது முறை. 5 மீட்டர் ஆழத்தில் நிற்கும் படகுக்கு, நீரேற்றம் 2 மீட்டரும் அணியத்தின் உயரம் 1 மீட்டரும் சேர்த்து 8 மீட்டரெனக் கணக்கிட வேண்டும். அதற்குச் சங்கிலி 40 மீட்டர், கயிறு 56 மீட்டர்.

டெய்லரின் படைப்பும் குறையற்றதன்று. இறுகிய மணலிலும் அடர்ந்த கடற்பாசியிலும் அது சில வேளை புதையாமல் பக்கவாட்டில் சரிந்து நகரும். கலப்பை மண்ணில் நகரப் பிறந்தது. நங்கூரமோ நகராதிருக்கப் பிறந்தது. இம்முரண் அதன் வடிவிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கு படகுகளுக்குப் பயன்பட்ட டான்ஃபோர்த், 1970களில் வந்த புரூஸ், பின்னர்த் தோன்றிய குழிந்த அலகுடைய ஸ்பேட், ராக்னா ஆகியன அத்தேடலின் தொடர்ச்சி. ஆயினும் எல்லா நிலத்துக்கும் ஏற்ற நங்கூரம் இன்றுமில்லை.

ஆதலால் அனுபவமுள்ள மாலுமி நங்கூரம் பாய்ச்சியதும் உறங்கச் செல்வதில்லை. எந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி அதன் பிடியைச் சோதிக்கிறான். கரையிலுள்ள மரமொன்றும் கூரையொன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா எனப் பார்க்கிறான். அக்கோடு குலைந்துகொண்டே போனால், இருளுமுன் நங்கூரத்தை எடுத்து மீண்டும் பாய்ச்சுகிறான். உள்ளே உறங்குவோரின் உயிர் அந்தச் சோதனையைச் சார்ந்திருக்கிறது.